அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்: ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் ஹார்மோன் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். உயரம் போதவில்லை என்று அழைத்து வரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தூண்டல் சோதனை (மருந்து கொடுத்து ஹார்மோனை வெளியே வர வைத்து அளப்பது) நடக்கும்போது, காலையிலிருந்து மதியம் வரை கட்டில் பக்கத்திலேயே இருப்பது என் வேலை. நரம்பில் கேனுலா என்ற மெல்லிய குழாய் போடுவது, நேரம் பார்த்து ரத்தம் எடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, அழுகிற பிள்ளைக்குக் கதை சொல்வது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் ரிப்போர்ட்டைப் பெற்றோர் பெரும்பாலும் முதலில் என்னிடம்தான் நீட்டுவார்கள். "சிஸ்டர், இதைப் பாருங்க, ஹார்மோனே இல்லைன்னு வந்திருக்கு." சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் கம்மிவிடும்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். 'குழந்தை வளர்ச்சி பேக்கேஜ்' என்ற பெயரில் நீங்கள் விற்கும் பட்டியலில் தைராய்டு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் நடுவே 'வளர்ச்சி ஹார்மோன்' என்று ஒரு வரி இருக்கிறது. எந்தத் தூண்டலும் இல்லாமல், பிள்ளை எப்போது வருகிறதோ அப்போது எடுத்த ஒற்றை ரத்தத்தில் பார்த்த அளவு. அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மருத்துவர் காரணம் எழுதிக் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

ஏன் என்பது உங்கள் உயிர்வேதியியல் நிபுணர்களுக்குத் தெரியாததல்ல. வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விட்டு விட்டு வருவது. பிள்ளை ஆழ்ந்து தூங்க ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் பெரிய அலையாக வரும். பகலில் சின்னச் சின்ன அலைகள், நடுவில் நீண்ட இடைவெளி. ரத்தத்துக்கு வந்ததில் பாதி ஏறக்குறைய 20 நிமிடத்தில் போய்விடும். ஆகவே நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் பகலில் பார்த்தால் பல நேரம் அளவு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்குக் கீழே, சில நேரம் கருவியே பிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருக்கும். ராத்திரியில் மட்டும் தண்ணீர் வரும் குழாயை மத்தியானம் திறந்து பார்த்துவிட்டு ஊரில் தண்ணீரே இல்லை என்று எழுதிக் கொடுப்பது மாதிரிதான் இது.

இன்னொரு பக்கமும் உண்டு. சாப்பிட்டுவிட்டு வந்தால் சர்க்கரை ஏறி ஹார்மோன் அடங்கும். மாடிப்படி ஏறி ஓடி வந்து, ஊசியைப் பார்த்து அழுது புரண்ட பிள்ளைக்கு ஏறும். இரண்டில் எது அன்று நடந்தது என்று ரிப்போர்ட்டில் எங்கே இருக்கிறது?

பயந்துபோய் வரும் பெற்றோரைக்கூட ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினால் சமாதானப்படுத்திவிடலாம். எனக்கு அதிகம் உறுத்துவது நேர் எதிரான கதை. சில ரிப்போர்ட்டுகளில் 'இயல்பு அளவு' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் தொடக்க எண்ணே பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கிறது. அப்படிப் போட்டால், உண்மையிலேயே ஹார்மோன் குறைவாக உள்ள பிள்ளைக்கும் 'நார்மல்' என்றுதான் வரும். ஒரு பையனுடைய கோப்பில் அப்படி ஒரு தாள் இருந்தது. அதை நம்பி வீட்டார் பொறுத்திருந்தார்கள். வருடத்துக்கு மூன்று சென்டிமீட்டர்கூட வளராமல், வகுப்பிலேயே குள்ளமாகி, கடைசியில் தலைவலி வந்த பிறகுதான் அழைத்து வந்தார்கள். அந்தப் பிள்ளையின் பிட்யூட்டரி பக்கத்தில் கட்டி இருந்தது. ஒற்றை எண்ணை யாரும் அளக்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் கவலை தொடர்ந்திருக்கும். கவலை தொடர்ந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்பார்கள்.

சரி, அப்படியானால் சரியான சோதனை எது என்று கேட்பீர்கள். அங்கேதான் என் கட்டில் வருகிறது.

பிள்ளை இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்து காலையில் வரும். எடை, உயரம் பார்த்து, உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் குளோனிடின் மாத்திரை கொடுப்போம். அது ரத்த அழுத்தத்துக்கான மருந்து. ஆனால் பிட்யூட்டரியைச் சீண்டி ஹார்மோனை வெளியே விட வைக்கும். மாத்திரைக்கு முன் ஒரு குழாய் ரத்தம், அப்புறம் 30, 60, 90, 120 நிமிடத்தில் ஒவ்வொன்று. குழாய்களில் நேரத்தை எழுதி ஒட்டுவதை மாத்திரை கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவேன். நடுவில் ஒட்டப் போனால் 60க்கும் 90க்கும் இடம் மாறும் ஆபத்து உண்டு. அரை மணி தாண்டினால் பிள்ளைக்குக் கண் சொருகும், முகம் வெளுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். தூங்கும்போதே கேனுலாவிலிருந்து ரத்தம் எடுத்துக்கொள்ளலாம், அது ஒரு வசதி. எழுந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும். முடிந்ததும் உப்புப் போட்ட ஏதாவது தின்னக் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, அழுத்தம் திரும்பியதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம்.

மாத்திரைக்குப் பதில் குளுகோகான் ஊசி போட்டுத் தூண்டுவது என்றால் நேரம் இன்னும் கூடும், வாந்தியும் வரும். இன்சுலின் கொடுத்துச் செய்யும் சோதனை வேறு ரகம். வேண்டுமென்றே ரத்தச் சர்க்கரையை 40க்குப் பக்கத்தில் இறக்குகிறோம். மருத்துவர் கட்டிலை விட்டு நகர மாட்டார், குளுக்கோஸ் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். வலிப்பு வரலாறு உள்ள பிள்ளைக்கு இதைச் செய்யவே மாட்டோம்.

இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் விடை எவ்வளவு தடுமாற்றமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பான உயரத்தோடு இருக்கும் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே இந்தத் தூண்டலைச் செய்து பார்த்தார்கள். பருவ மாற்றம் இன்னும் தொடங்காதவர்களில் 61 சதவீதம் பேருக்கு, மூன்று விதமாகத் தூண்டியும் ஒரு தடவைகூட அளவு, குறைபாட்டுக்கான கோடாகப் பலர் வைக்கும் மில்லிலிட்டருக்கு 7 நானோகிராமைத் தாண்டவில்லை! ஈஸ்ட்ரோஜன் என்ற பாலின ஹார்மோனைக் கொடுத்துத் தயார்ப்படுத்திவிட்டுச் செய்தபோது பெரும்பாலானோர் தாண்டினார்கள். அதனால்தான் பருவம் தள்ளிப்போகும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பையன் என்றால் 11, பெண் என்றால் 10 வயதைத் தாண்டியும் அறிகுறி இல்லாவிட்டால், சோதனைக்கு முன் சில நாள் பாலின ஹார்மோன் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. உடல் பருமன் உள்ள பிள்ளைக்கும் அளவு குறைத்தே காட்டும். ஒரே சோதனையை நம்பாமல் வேறு மருந்தால் இன்னொன்றும் செய்வதற்குக் காரணம் இவையெல்லாம்தான்.

எங்கே கோடு கிழிப்பது என்பதிலும் ஒரு வரலாறு உண்டு, இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். 1950களின் கடைசியில் இந்தச் சிகிச்சை தொடங்கியபோது, இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். கிடைப்பது அரிது, அதனால் 'குறைபாடு' என்பதற்கான கோடும் கீழே இருந்தது. 1985ல், அப்படி எடுத்த ஹார்மோன் வழியாகச் சிலருக்குக் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற மூளை நோய் தொற்றியது தெரிய வந்து அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரித்த ஹார்மோன் அனுமதி பெற்றது. வேண்டிய அளவு கிடைக்க ஆரம்பித்ததும் கோடு 10க்கு ஏறியது. இப்போது பலர் 7 என்கிறார்கள். பிள்ளைகளின் பிட்யூட்டரி மாறவில்லை, கோடுதான் ஏறி இறங்குகிறது. தூண்டிவிட்டு ஐந்து குழாய் எடுத்துப் பார்க்கும் சோதனைக்கே இந்த நிலை என்றால், தூண்டாமல் எடுத்த ஒரு குழாய்க்கு என்ன மரியாதை?

தூண்டல் சோதனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையின் வளர்ச்சி வேகம், எக்ஸ்ரேயில் பார்க்கும் எலும்பு வயது, வளர்ச்சி ஹார்மோனின் பேச்சைக் கேட்டு உடல் தயாரிக்கும் ஐஜிஎஃப்-1 அளவு, தேவைப்பட்டால் மூளை எம்ஆர்ஐ எல்லாவற்றோடும் சேர்த்து வைத்தால் அது பேசும். தனியாக நின்றால் உளறும்.

இப்போது உங்கள் பேக்கேஜில் மிச்சம் என்ன இருக்கலாம் என்று பார்ப்போம், ஏனென்றால் பேக்கேஜே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹார்மோன் குறைபாட்டைவிட அதிகமாகப் பிள்ளைகள் குட்டையாக இருப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை ரத்தத்தில் பார்க்கலாம். ரத்த அணுக்கள், இஎஸ்ஆர், கிரியேட்டினின், கால்சியம், பாஸ்பேட், பைகார்பனேட், சிறுநீர் சோதனை என்று சாதாரணமாகத் தோன்றுபவைதான் வெளியே தெரியாத சிறுநீரக நோயையும் நாள்பட்ட குடல் நோயையும் காட்டிக்கொடுக்கும். தைராய்டுக்கு டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்) மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பிட்யூட்டரியே கோளாறாக இருந்தால் டிஎஸ்எச் நார்மல் என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும், தைராய்டே சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோயான செலியாக்குக்கு டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை எடுக்கும்போது, ரத்தத்தில் உள்ள மொத்த ஐஜிஏவையும் எடுங்கள். மொத்தமே குறைவாக உள்ள பிள்ளைக்கு முதல் சோதனை பொய்யாக 'இல்லை' என்று சொல்லிவிடும். வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் வளர்ச்சி மட்டும் நின்றுபோய் வரும் செலியாக் பிள்ளைகள் உண்டு.

ஐஜிஎஃப்-1 ஒரு நல்ல சோதனை. வளர்ச்சி ஹார்மோன் சொன்னதைக் கேட்டுக் கல்லீரல் தயாரிப்பது, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எப்போது ரத்தம் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வயதுக்கும் பாலினத்துக்கும் பருவ நிலைக்கும் ஏற்ப அதன் இயல்பு அளவு மாறும். பெரியவர்களுக்கான அளவைப் பத்து வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட்டில் அச்சிட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக்குள் இயல்பிலேயே குறைவாக இருக்கும். சரியாகச் சாப்பிடாத, எடை குறைந்த பிள்ளைக்கும் குறையும். தைராய்டு குறைந்தாலும் குறையும். இந்த நாலு வாக்கியத்தை ரிப்போர்ட்டின் அடியில் அச்சிட இடமா இல்லை?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களில் 2000 முதல் 2500 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் டர்னர் சிண்ட்ரோமோடு பிறக்கிறார்கள். ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பாதியாகவோ இல்லாத நிலை. அகன்ற கழுத்து, தாழ்ந்த தலைமுடி வரம்பு என்று புத்தகத்தில் இருப்பதெல்லாம் பலரிடம் இருக்காது. உயரக் குறைவு மட்டும்தான் வெளியே தெரியும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டிய நிலை அது. காரணம் புரியாமல் குட்டையாக இருக்கும் எந்தப் பெண் பிள்ளைக்கும் குரோமோசோம் சோதனை தேவை என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். ஆனால் எங்கள் வாசலுக்கு வருவதில் பையன்கள்தான் அதிகம். பெண் பிள்ளைகள் குறைவாகவும் தாமதமாகவும் அனுப்பப்படுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. "பொண்ணுதானே, இந்த உயரம் போதும்" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியம் எத்தனை பிள்ளைகளின் நோயைத் தள்ளிப் போட்டதோ!

இதையெல்லாம்விட முக்கியமானது ரத்தமே இல்லாத ஒரு சோதனை. பிள்ளையை ஒழுங்காக அளப்பது. சிரிக்காதீர்கள். கோப்பில் வரும் உயரங்களைப் பார்த்தால் பிள்ளை ஆறு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும்! ஒரு தடவை செருப்போடு, ஒரு தடவை சடைக்கு மேல், ஒரு தடவை சுவரில் பென்சில் கோடு. காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்கும் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம், பகலில் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கிவிடும். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளந்ததையும், பிறகு நிற்க வைத்து அளந்ததையும் ஒரே வரிசையில் எழுதி, 'வளர்ச்சி நின்றுவிட்டது' என்று பதறுவதும் உண்டு.

நான்கு வயதிலிருந்து பருவம் தொடங்கும் வரை பிள்ளை வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். நான்குக்கும் கீழே போனால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சென்டிமீட்டர் என்பதால், அளப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகினாலே கதை மாறிவிடும். மூன்று மாத இடைவெளியில் அளந்து நான்கால் பெருக்கினால் அந்த அரை இரண்டாகிவிடும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் விட்டு, அதே கருவியில், முடிந்தவரை அதே நேரத்தில் அளக்க வேண்டும். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் இரண்டு மூன்று பேர் கடைசிக் கோட்டுக்குக் கீழே இருக்கத்தான் செய்வார்கள், கோடே அப்படிப் போட்டதுதான். அவர்களில் பெரும்பாலோர் அப்பா அம்மாவின் உயரத்தைக் கொண்டவர்கள், அல்லது தாமதமாகப் பருவமடைந்து பிறகு எட்டிப்பிடிப்பவர்கள். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு சில ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குத்தான்.

ஆகவே ரத்தம் எடுக்கும் அறையின் சுவரில் உயரமானி ஒன்றைப் பொருத்துங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால், பின்பக்கம், தோள்பட்டை மூன்றும் பலகையில் படும்படி நிறுத்தி, கண் நேராகப் பார்க்க வைத்து அளக்க உங்கள் ஊழியருக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிள்ளையின் உயரம், அளந்த தேதி, அளந்த நேரம், அப்பாவின் உயரம், அம்மாவின் உயரம். இந்த ஐந்தையும் ரிப்போர்ட்டின் முதல் வரியாகப் போடுங்கள். அப்பா உயரத்தோடு அம்மா உயரத்தைக் கூட்டி, பையனுக்கு 13 சென்டிமீட்டர் சேர்த்து, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுத்தால் வரும் எண் இருக்கிறதே, உங்கள் ஒற்றை ஹார்மோன் அளவைவிட எங்கள் மருத்துவருக்கு அது பல மடங்கு உதவும். அடுத்த வருடம் அதே பிள்ளை உங்களிடமே வந்தால் இரண்டாவது அளவும் சேர்ந்துவிடும்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். பெற்றோரே கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது? கேட்பார்கள்தான். 'உயரம் குறைவு' என்றாலே 'வளர்ச்சி ஹார்மோன்' என்று உங்கள் விளம்பரம் சொல்லிக் கொடுத்த பிறகு கேட்காமல் என்ன செய்வார்கள். உயரம் கூட்டும் பவுடர் விற்பவரும் அதே பெயரைத்தான் டப்பாவில் போடுகிறார். எலும்பு நீளக் காரணமான வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்ட பதினெட்டு வயதுப் பையனுக்குக்கூட அதை வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அது தனிக் கதை. நீங்கள் மருத்துவச் சோதனை செய்பவர்கள், பவுடர் விற்பவரின் பக்கத்துக் கடையாக நிற்க வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம்.

'குறைவு' என்று ஒரு முறை அச்சாகிவிட்டால் அதன் பின்னால் வருவது சின்ன விஷயமல்ல. தினமும் இரவில் ஊசி, வருடக்கணக்கில். வாரம் ஒரு முறை போடும் மருந்தும் இப்போது வந்திருக்கிறது, ஆனால் ஊசி ஊசிதான். உண்மையில் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது பெரிய வரம், கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். குறைபாடு இல்லாமல் வெறுமனே குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு, பல வருட ஊசிக்குப் பின் சராசரியாகக் கூடுவது சில சென்டிமீட்டர்தான். அந்த முடிவை வீட்டாரும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி எடுக்கட்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஹார்மோன் சோதனைகளில் எந்த முறையில், எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். ஒரே ரத்தத்துக்கு இரண்டு கருவிகள் வேறு வேறு எண் சொல்லும். 7 என்ற கோடு எந்தக் கருவிக்கு என்று தெரியாமல் நாங்கள் தடுமாறுகிறோம். அப்புறம், முடிக்கும் தோலுக்கும் என்று கொடுக்கும் சில மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம் இருக்கும். சில அளவீட்டு முறைகளில் அது தைராய்டு உட்பட ஹார்மோன் எண்களையே திருப்பிப் போட்டுவிடும். ரத்தம் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பிறந்த சில நாளே ஆன குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும்போது, அந்த நேரத்தில் எடுத்த ஒற்றை ஹார்மோன் அளவு உண்மையிலேயே பயன்படும். அதைச் சிறப்பு மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வார்கள், பேக்கேஜில் வராது. மற்றபடி, நடந்து வந்து உங்கள் நாற்காலியில் உட்காரும் எந்தப் பிள்ளைக்காவது தூண்டாமல் எடுத்த ஒரு வளர்ச்சி ஹார்மோன் எண் சிகிச்சையைச் சரியான பக்கம் திருப்பியிருக்கிறது என்று உங்களில் யாராவது காட்ட முடியுமென்றால், தயவுசெய்து வெளிப்படையாக எழுதுங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். அப்படி ஒன்று இல்லையென்றால் அடுத்த முறை பட்டியல் அச்சுக்குப் போகும்போது அந்த வரி இல்லாமல் போகட்டும்.

இப்படிக்கு,
தூண்டல் சோதனைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்